முருகனுக்குப் பத்தெழுத்து: பழைய கல்விப் பதிவேடுகளைப் படமாக்குவது குறித்து

ஆங்கிலத்தில் முருகன் என்று எழுத ஏழு எழுத்துகள் போதும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அதே முருகனுக்குப் பத்து எழுத்துகள் வேண்டியிருந்தன. உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யூ என இரண்டெழுத்து. பெயரின் கடைசியில் ஒலிக்காத ஈ ஒன்று. அந்த ஈ இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் னகர ஒற்றை விழுங்கி, முன்னுள்ள உயிரை மூக்கால் ஒலித்துவிடுவார். முருகனை முருகனாகவே ஒலிக்க வைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட ஊமை எழுத்து அது. இன்றும் புதுச்சேரியின் வீட்டு வாயிற் பலகைகளிலும், கல்லறைக் கற்களிலும், அடையாள அட்டைகளிலும் அந்த எழுத்து மௌனமாக நின்றுகொண்டிருக்கிறது.

இந்தச் சிறு செய்தியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பழைய கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளையும் தேர்வுப் பட்டியல்களையும் கணினியில் ஏற்றி, அவற்றைப் படங்களாகவும் வரைபடங்களாகவும் மாற்றிப் பார்க்கும் முறை இன்று உலகெங்கும் பரவிவருகிறது. தரவுக் காட்சிப்படுத்தல் என்று அதற்குப் பெயர் வழங்குகிறோம். எந்த ஊரிலிருந்து எத்தனை மாணவர் வந்தனர், எந்தச் சாதியினர் எப்போது நுழைந்தனர், பெண்கள் எந்த ஆண்டில் முதன்முதலாகத் தென்படுகின்றனர், படித்தவர்கள் எங்கே போனார்கள் என்பனவற்றையெல்லாம் ஆயிரம் பக்கப் பேரேட்டைப் புரட்டாமல் ஒரே பார்வையில் காணலாம் என்பது அம்முறையின் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நாங்கள் நம்புகிறோம். ஆனால் முருகனின் பத்தாவது எழுத்தைக் கணினி என்ன செய்யப்போகிறது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே நம்புகிறோம்.

*

முதலில் நம்பிக்கைக்கான காரணங்கள்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களின் துணையுடன் கையால் வரைந்த ஏறத்தாழ அறுபது வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஒரு தலைமுறையே கடந்திருந்த ஒரு சமூகத்தின் நிலவுடைமை, எழுத்தறிவு, தொழில், கல்வி அனைத்தும் அவற்றில் வண்ணப் பட்டைகளாகவும் சுருள்களாகவும் வடிவெடுத்திருந்தன. அதே ஆண்டில் அவர் பதிப்பித்த இன்னோர் ஆய்வு, கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரைப் பற்றியது. கல்லூரிகளுக்கு எழுதிப் பட்டியல்களைப் பெற்று, பட்டதாரிகளுக்கும் கடிதம் எழுதிச் செய்தி திரட்டி உருவாக்கியது. 'இவர்களுக்கு உயர்கல்வி எதற்கு?' என்று கேட்டவர்களுக்குப் பட்டதாரிப் பட்டியலையே விடையாக நீட்டினார் அவர். பட்டியல் அங்கே வாதமாயிற்று.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1913-இல் அரசுப்பணி குறித்து ஆராய வந்த ஆணையத்தின் முன் அலெக்சாண்டர் கார்டியூ என்ற அதிகாரி சென்னை மாகாணத்தின் புள்ளிவிவரங்களை வைத்தார். 1912-இல் துணை ஆட்சியர்களில் 55 விழுக்காட்டினரும் மாவட்ட முன்சீப்புகளில் 72.6 விழுக்காட்டினரும் பிராமணர் என்பது அவற்றுள் அடக்கம். 1916-இன் இறுதியில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை இத்தகைய எண்களையே தன் வாதத்தின் முதுகெலும்பாகக் கொண்டது. அதற்குப் பிந்தைய தமிழக அரசியல் எப்படி நடந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. எண்கள் வெறும் எண்களாக இருந்த காலம் தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆனால் அந்த அட்டவணையை இன்று மறுபடியும் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 'பிராமணரல்லாத இந்துக்கள்' என்ற ஒரே கட்டத்துக்குள் நிலவுடைமைச் சாதியாரும், கைவினைஞரும், கல்வியின் வாசலையே எட்டாதவர்களும் சேர்ந்து நின்றார்கள். கட்டம் ஒன்று, அதற்குள் இருந்த வாழ்க்கைகள் பல. ஓர் அநீதியை வெளிச்சமிட்டுக் காட்டிய அட்டவணை, இன்னோர் அநீதியைத் தன் கட்டத்துக்குள் மறைத்தும் வைத்திருந்தது. அட்டவணை பொய் சொல்லவில்லை. அதன் தலைப்புகள் எதைக் கேட்டனவோ அதை மட்டும் சொன்னது.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் துறைக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும், எ. சுப்பராயலுவும், தோரு மத்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியின் துணையோடு தொகுத்து 1978-இல் ஓர் அடைவாக வெளியிட்டனர். கணினி என்ற சொல்லே பலர் காதில் விழாத காலம் அது. பெயர்களின் ஈறுகளை எண்ணிப் பார்த்தபோது, ஓர் ஊரின் பெயரோடு 'உடையான்' என்று முடியும் பெயர்கள் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் பெருகிவருவது புலப்பட்டது. நிலம் ஊர்ப்பொதுவிலிருந்து தனியார் கைக்கு நகர்ந்த வரலாற்றை அந்த ஈறு காட்டிக்கொடுத்தது. தனித்தனிக் கல்வெட்டில் 'உடையான்' ஒரு பட்டப்பெயர். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளைச் சேர்த்து அடுக்கும்போது அது ஒரு சமூக மாற்றம். சுப்பராயலு பின்னர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்பு முயற்சியை வழிநடத்தினார் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம். 1955-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் ஒரு பக்கம் ஓலைச்சுவடிகளைத் தொகுத்தது. மறுபக்கம் இந்தியத் தீபகற்பத்தின் தாவர வரைபடங்களை வரைந்தது. எழுத்தும் வரைபடமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. ஆகவே, பதிவேடுகளைப் படமாக்கும் கலைக்கு இந்த ஊர் அந்நியமன்று.

*

நிற்க. இனி புதுச்சேரியின் கல்விப் பதிவேடுகளுக்கு வருவோம்.

இன்று பிரெஞ்சு லிசே என்று வழங்கும் பள்ளி 1826-இல் ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் அரசுக் கல்லூரியாகத் தோன்றியது. சட்டப்பள்ளி 1838-இல் ஏற்பட்டது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரி தன் வரலாற்றை 1823-ஆம் ஆண்டின் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. கல்வே சுப்பராயச் செட்டியாரின் பெயர் தாங்கிய கல்வே கல்லூரி மிஷன் தெருவில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1857-இல்தான். அதற்கு முன்பே இந்தச் சிறு ஊரில் பாடசாலைகள் சேர்க்கையும் தேர்வும் நடத்தி, மாணவர் பெயர்களைத் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தன.

ஆனால் 'புதுச்சேரிப் பட்டதாரிகள்' என்று ஒரு வரைபடம் வரையப் புகுந்தால் என்ன நேரும்? புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் நிறுவப்பட்டது. அதன் பதிவேடுகளை மட்டும் எடுத்தால், 1985 வரை சூனியமாகக் கிடக்கும் கோடு அதற்குப் பின் செங்குத்தாக மேலேறும். அந்தப் படத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரர், இந்த ஊருக்குக் கல்வியே 1985-இல்தான் வந்ததென்று நினைப்பார். உண்மை என்ன? 1961-இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி போன்றவை அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மாஹேயின் கல்லூரிப் படிப்பு கேரளத்தின் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தையும், ஏனாமினுடையது ஆந்திரப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்திருந்தன. 1954-க்கு முற்பட்ட தேர்வுகள் பிரெஞ்சுக் கல்விமுறையைச் சேர்ந்தவை. ஆட்சி ஆவணங்களில் ஒரு பகுதி கடல் கடந்து தென்பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு பகுதி இங்கேயே, தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் இருக்கிறது. நான்கு துண்டுகளாகச் சிதறிக்கிடக்கும் ஒரு நிலப்பகுதியின் பட்டதாரிகள், அதைவிடக் கூடுதலான இடங்களில் சிதறிக்கிடக்கிறார்கள்.

ஆகவே அந்தச் செங்குத்தான கோடு கல்வியின் வளர்ச்சியைக் காட்டவில்லை. காகிதங்கள் இடம் மாறியதைக் காட்டுகிறது. இதைப் படத்தின் அடியிலேயே எழுதிவைக்காத எந்த வரைபடமும், எத்தனை அழகாக இருந்தாலும், வரலாற்றுப் பிழையே என்பது எங்கள் கருத்து.

*

இடம் மாறிய காகிதங்களைத் தேடிச் சேர்த்துவிடலாம். பெயர்கள் அதைவிடக் கடினமானவை.

தமிழில் பகரம் ஒன்று. உரோமன் எழுத்தில் அதற்கு வல்லொலி ஒன்று, மெல்லொலி ஒன்று என இரண்டு. கல்வேயின் பெயரிலேயே வரும் சுப்பராயனை ஒரு குமாஸ்தா வல்லொலியால் எழுதுவார், இன்னொருவர் மெல்லொலியால் எழுதுவார். ஒருவர் கடைசியில் னகரத்தைச் சேர்ப்பார், மற்றவர் ஆகாரத்தோடு நிறுத்திக்கொள்வார். கணினிக்கு இவை நான்கு மனிதர்கள். மாறாக, ஒரே தந்தைபெயரும் ஒரே தன்பெயரும் கொண்ட இரண்டு முருகன்கள் கணினிக்கு ஒரே ஆள். முதல் பிழை கூட்டத்தைப் பெருக்குகிறது. இரண்டாவது பிழை குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்று நினைப்பது, இரண்டு கடிகாரங்கள் தவறாக ஓடினால் சராசரி சரியான நேரமாகிவிடும் என்று நினைப்பதைப் போன்றது.

தமிழ்ப் பெயரின் முன்னெழுத்துகளைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை. ஆண்டுவாரியாகப் பட்டை வரைந்தால் முதற்பட்டையின் உயரம் இரண்டு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் 'சி' என்பது சிறுப்பிட்டி. 'வை' என்பது தந்தை வைரவநாதர். சிறுப்பிட்டி இருப்பது யாழ்ப்பாணத்தில். இருவருமே 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். பட்டைக்குப் பதிலாக நிலப்படத்தில் வைத்தால், சென்னையின் முதல் பட்டங்கள் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குக் கோடு இழுக்கின்றன. ஒரு மாகாணத்தின் கல்வி வரலாறு அதன் எல்லைக்கு வெளியே தொடங்குவதை அந்தக் கோடு ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. காட்சிப்படுத்தலின் முழு வலிமையும் இந்த ஒரு கோட்டில் உள்ளது. ஆனால் தரவைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று முன்னெழுத்துகளை வெட்டி எறிந்திருந்தால்? ஊரும் தந்தையும் குப்பைக்குப் போயிருப்பார்கள், கோடும் பிறந்திராது. உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் இல்லாத உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். மீதமிருப்பது ஊருக்கு நாலு பேர் சூடிய ஒரு பெயர் மட்டுமே.

பெயரே மாறிப்போனவர்களும் உண்டு. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றார். அதற்காகத் தண்டிக்கப்பட்டபோது பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881-இல் ஓர் ஆணை வந்தது. தம் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியர் அவ்வாறே செய்யலாம். அவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ள வேண்டும். 'ரெனோன்சான்' என்று, அதாவது துறந்தோர் என்று, அவர்கள் அழைக்கப்பட்டனர். பொன்னுத்தம்பி தமக்குச் சூடிக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்கு வாயிற்கதவு என்று பொருள். 1881-க்கு முந்தைய தாள்களில் பொன்னுத்தம்பி. பிந்தைய தாள்களில் லாபோர்த். இந்த இரு பெயரும் ஒருவரே என்பதை எந்த எழுத்து ஒப்பீடும் கண்டுபிடிக்காது. வரலாறு அறிந்தவர் ஒருவர் கணினியின் அருகில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

புரட்சிக்கவிஞரையே எடுத்துக்கொள்வோமே. கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, 1909-இல் காரைக்கால் பகுதியில் ஆசிரியப் பணியேற்று, 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் பணிபுரிந்தவர் அவர். ஆனால் அரசு அறிந்த பெயர் சுப்புரத்தினம். 'பாரதிதாசன்' என்று தட்டச்சிட்டுத் தேடினால், தமிழ் அறிந்த பாரதிதாசனை அரசின் ஆசிரியர் பட்டியல் அறியாது.

*

இதுவரை சொன்னவை தொழில்நுட்பச் சிக்கல்கள். பொறுமை இருந்தால் தீரும் என்று ஒருவர் சொல்லலாம். நாங்கள் அஞ்சுவது இதற்கு அடுத்த படியை.

துறந்தோர்க்கு 1881 முதல் நிலையான குடும்பப் பெயர் வந்துவிட்டது. தாத்தா, தந்தை, மகன் மூவரும் ஒரே பெயரால் அறியப்படுவர். மற்ற தமிழர்களுக்கு அப்படியில்லை. தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. மகன் வரும்போது தன் பெயர் முன்னே ஏறிக்கொள்ளும், தாத்தாவின் பெயர் உதிர்ந்துவிடும். மூன்றாம் தலைமுறையில் முதல் பெயரின் சுவடே இராது. இப்போது ஒரு சட்டப்பள்ளியின் நூறாண்டுப் பட்டியலை உறவு வலைப்பின்னலாக வரைவதாகக் கொள்ளுங்கள். துறந்தோர் குடும்பங்கள் கொடி படர்ந்தாற்போலத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து தெரியும். ஏனையோர் வானத்து மீன்களைப் போலத் தனித்தனிப் புள்ளிகளாகக் கிடப்பர். பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? ஒரு சிறு பிரிவினர் மட்டுமே கல்வியைக் குடும்பச் சொத்தாகக் கைமாற்றினர், மற்றவர்கள் தற்செயலாக வந்துபோனார்கள் என்று முடிவு கட்டுவார். உண்மையில் அங்கே தெரிவது பெயரிடும் முறையில் இருந்த வேறுபாடு.

இப்படித்தான் ஒரு படம் பொய் சொல்லாமலே பொய்த்துவிடுகிறது. எண்கள் சரி, புள்ளிகள் சரி, கோடுகள் சரி. முடிவு மட்டும் பிழை.

தலைப்புகளும் நிலையானவையல்ல. 1884-இல் பிரெஞ்சிந்தியாவின் வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியரும் அவர் வழியினரும் ஒன்று, துறந்தோர் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. 1899-இல் அது இரண்டு பட்டியல்களாகச் சுருங்கியது. 1884-இன் பட்டியலில் தனி வண்ணம் பெற்ற ஒருவர், 1899-இல் அந்த வண்ணத்தை இழந்துவிடுவார். அவர் மாறவில்லை, கட்டம் மாறிற்று. ஓர் ஆட்சி தன் மக்களை எப்படிப் பிரித்துப் பார்த்தது என்பதையே பதிவேட்டின் தலைப்புகள் முதலில் சொல்கின்றன. மக்களைப் பற்றி அடுத்துத்தான் சொல்கின்றன. இந்த வரிசையை மறந்துவிட்டு வண்ணம் தீட்டக் கூடாது.

இன்னும் ஒன்று உண்டு: வெற்றிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு எந்த உயர்கல்விப் பட்டியலிலும் பெண்கள் இல்லை. படத்தில் இல்லாதது கண்ணுக்குத் தெரியாது என்பது காட்சிப்படுத்தலின் அடிப்படைக் குறை. ஆண்களின் எண்ணிக்கையை மட்டும் ஏறுமுகமாக வரைந்துவிட்டு, 'மாணவர் வளர்ச்சி' என்று தலைப்பிட்டால், பாதி ஊரைக் காணாமற் போக்கிய படம் அது. வெற்றிடத்தையும் வரைய வேண்டும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் தனியொரு பெண்ணாகப் பயின்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி ஒரு புள்ளிதான். விழுக்காட்டுக் கணக்கில் அவர் தசமத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார். ஆனால் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, நடுவில் அந்த ஒரு புள்ளியை வைத்துக் காட்டினால், அந்தப் புள்ளியின் தனிமை நம் நெஞ்சைத் தைக்கும். பட்டைகள் உயர்வதைப் பார்த்து மகிழ்வதற்கு மட்டும் படங்கள் தேவையில்லை.

*

இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எண்ணும் வரைபடமும் புள்ளியியலார்க்கு உரியவை. கவிதையையும் கதையையும் பேசுவோர் அங்கே எதற்கு என்பது அக்கேள்வியின் உள்ளுறை. இன்னும் சிலர், மனிதரைப் புள்ளியாக்குவதே மனிதத்துக்கு எதிரானது என்பர்.

இரண்டு கருத்தையும் நாங்கள் ஏற்கவில்லை.

பேரேட்டில் கிடக்கும் பெயர் ஏற்கெனவே புள்ளிதான். யாரும் பார்க்காத புள்ளி. படம் அதைப் பார்க்கத்தக்க புள்ளியாக்குகிறது. படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் மூல ஏட்டின் அந்தப் பக்கமே விரியும்படி இன்று அமைக்க முடியும். அப்போது எண்ணிக்கையிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து எண்ணிக்கைக்கும் போய்வரலாம். மனிதர் தொலைவது படத்தால் அன்று. திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிட்ட படத்தால்.

நமக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை இன்னும் எளிது. தரவுத் துறையினர் 'சுத்தம் செய்தல்' என்று சொல்லும் வேலைக்குத் தமிழில் நூற்றாண்டுப் பழக்கமுள்ள பெயர் ஒன்று உண்டு: பதிப்பு. ஏட்டுச்சுவடிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது நம் பதிப்பாசிரியர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை எரித்துவிடவில்லை. தேர்ந்ததை மேலே வைத்தார்கள். ஏனையவற்றைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காத்தார்கள். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டினார்கள். எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்பதை முன்னுரையில் நன்றியோடு எழுதினார்கள். வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அப்படிப் பதிப்பித்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டியலின் முதல் வரியில் நிற்கும் அதே தாமோதரம் பிள்ளை. அவருடைய பெயர் கிடக்கும் பட்டியலை அவர் சுவடிகளைக் கையாண்ட நேர்மையோடு கையாளுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அந்த நேர்மை நடைமுறையில் என்ன கேட்கிறது?

பதிவேட்டில் உள்ள பெயரை, ஊமை எழுத்து உட்பட, உள்ளபடியே ஒரு பத்தியில் பெயர்த்து எழுத வேண்டும். தமிழ் வடிவத்தை அடுத்த பத்தியில் தனியாகத் தர வேண்டும். முதல் பத்தியை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது. இருவரை ஒருவரென்று இணைத்தால், இணைத்தவர் யார், எந்தச் சான்றால் இணைத்தார் என்று குறிக்க வேண்டும். ஐயமிருந்தால் ஐயமென்றே எழுத வேண்டும். சாதி, சமயம், இனம் என்ற கட்டங்களுக்கு ஆட்சியாளர் வைத்த தலைப்பை அவர்கள் சொல்லிலேயே வைத்து, அது எந்த ஆண்டில் எப்படி மாறிற்று என்பதைப் படத்துக்குள்ளேயே காட்ட வேண்டும். கிடைக்காத ஆண்டுகளை வெறும் வெள்ளையாக விட வேண்டும். முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்து இடைவெளியை மூடிவிடக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய பட்டியல் வரலாறு. முப்பதாண்டுக்கு முந்தைய பட்டியலில் இருப்பவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுடைய சாதியையும் மதிப்பெண்ணையும் தேர்ச்சி பெறாத ஆண்டையும் எல்லோரும் பார்க்கும் படமாக்க நமக்கு உரிமையில்லை. அண்மைக் காலத்துக்குத் தொகை எண்கள் மட்டும் போதும்; பெயர்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இவ்வேலைக்குப் பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர்கள் வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். எந்தக் குடும்பம் எந்தப் பெயரைச் சூடியது என்று நினைவிலிருந்து சொல்லக்கூடிய முதியவர்கள் வேண்டும். இம்மூன்று வகையினரும் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் குறைந்துகொண்டும் வருகிறார்கள். கணினி காத்திருக்கும். அடுத்த ஆண்டு இதைவிட விரைவான கணினி வரும். ஊமை எழுத்து எதற்காக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் காத்திருக்கமாட்டார்.

கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில், பழைய பள்ளிக் கட்டடங்களின் மூடிய சன்னல்களை நாம் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம். நம்முடைய தாத்தாவின் பெயரோ, அவரோடு ஒரே பலகையில் அமர்ந்திருந்தவரின் பெயரோ, அமர அனுமதிக்கப்படாதவரின் பெயரில்லாத வெற்றிடமோ ஏதோ ஒரு பேரேட்டில் இருக்கிறது. அதைப் படமாக வரையத்தான் வேண்டும். வரைவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும்: முருகன் என்று, பத்து எழுத்துகளோடு.